பேகம்பூர்த் தோலும் திரு இருதயமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது பேகம்பூர். மைசூரின் ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லுக்குப் படைத் தலைவராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் கல்லறை இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. ஊருக்குப் பெயர் வந்ததும் அந்த அம்மையாரால்தான். 1790-இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டைக்கு உரியவர்கள் மாறினார்கள். பேகத்தின் பெயர் மாறவில்லை. பின்னாளில் அந்தப் பெயரை வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டு சென்றவை இப்பகுதியின் தோல் ஷாப்புகள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் தம் 'தோல்' நாவலில் எழுதினார். 2012-இல் அது சாகித்திய அகாதமி விருது பெற்றது. தோல் பதனிட்டதால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. அது தனியே எழுதப்பட வேண்டியது.

நாம் சொல்ல வந்தது வேறு. பேகம்பூரில் தோலின் தரம் பிரித்துப் பழகிய முதியவர் ஒருவரை அறிவோம். பாய் என்றே அழைப்போம். ஒருநாள் அவர் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். அதில் மெல்லிய கோடுகள் மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து ஓடின. "ரத்தம் சரியா வடியாத ஆடு சார். நரம்பெல்லாம் தோல்லயே நின்னுபோச்சு. இது முதல் ரகத்துல சேராது" என்றார். சுண்ணாம்புக் குழியில் கிடந்து, மயிர் நீங்கி, சவ்வு சீவப்பட்டு, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிக் காய்ந்த தோல் அது. அத்தனைக்குப் பிறகும் அந்த ஆட்டின் உடலில் குருதி ஓடிய வழிகள் அழியாமல் நின்றன.

இனி இன்னொரு நிகழ்ச்சி. ஒரு ஜூன் மாதத்தில் திரு இருதய வணக்கம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் நம் பங்கு மாணவி ஒருத்தி அருகில் வந்தாள். பேகம்பூர்த் தோல் ஷாப்பில் காலமெல்லாம் உழைத்த ஒருவரின் பேத்தி அவள். "இதயம் ரத்தத்தைத் தள்ளுற தசைன்னுதான் பாடத்துல இருக்கு. அன்பு, இரக்கம் எல்லாம் மூளையோட வேலையாம். அப்புறம் எதுக்கு நாம இயேசுவோட இருதயத்தைப் பார்த்து மன்றாடுறோம்?" என்று கேட்டாள். அவள் குரலில் குறும்பில்லை. கொஞ்சம் கலக்கமே இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "கோயில்ல வச்சு இப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று அதட்டினார்.

நமக்கு அதட்டத் தோன்றவில்லை. அவள் கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் உரோமையில் இதே கேள்வியை எழுப்பியவர் பின்னாளில் திருத்தந்தையாகவே ஆனார். அந்த இடத்துக்கு வருமுன், குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பதும், இதயம் ஒரு தசை என்பதும் மனிதருக்கு எப்படித் தெரியவந்தன என்று பார்க்க வேண்டும். பாய் காட்டிய தோலுக்கும் அந்த வரலாற்றில் இடமுண்டு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் வகுத்த கொள்கையே ஏறத்தாழ 1400 ஆண்டுகள் ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் ஆண்டது. உண்ட உணவு ஈரலில் குருதியாகிறது. அங்கிருந்து குழாய்கள் வழியே உறுப்புகளுக்குப் போகிறது. உறுப்புகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. சிறிதளவு குருதி, இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வலப்புறத்திலிருந்து இடப்புறம் கசிகிறது. இதுவே அவர் கூறியது. நம் வட்டாரத்து விவசாயி எவரும் இதை உடனே புரிந்துகொள்வார். ஏனெனில் இது வாய்க்கால் பாசனம். கண்மாயிலிருந்து மடை வழியே புறப்பட்ட நீர் வயலுக்குப் போகிறது, வயல் குடித்துவிடுகிறது, நீர் கண்மாய்க்குத் திரும்புவதில்லை. நாளும் புது நீர் வேண்டும். கேலனின் உடலில் ஈரலே கண்மாய். எளிமையும் அழகும் உடைய கொள்கை, ஆனால் தவறு. அழகான தவறுகளுக்கு ஆயுள் அதிகம் போலும்.

முதலில் ஐயம் எழுப்பியவர் கிறிஸ்தவர் அல்லர். டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு அல்-நஃபீஸ் என்னும் இசுலாமிய அறிஞர் அவர். 1242-இல் எழுதிய உரையொன்றில், இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது, அதில் துளைகளே இல்லை, வலப்புறக் குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறம் வந்து சேர்கிறது என்று திட்டமாக உரைத்தார். 1288-இல் இறந்தார். அவருடைய இந்தக் கருத்து மேற்குலகின் கவனத்துக்கு வராமல் கிடந்தது. 1924-இல் அல்-தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அந்தச் சுவடியைக் கண்டு வெளிப்படுத்திய பின்னரே உலகம் அறிந்தது.

ஐரோப்பாவில் இதே உண்மையை அச்சில் தந்தவர் மிகுவேல் செர்வெட்டஸ். அதுவும் மருத்துவ நூலில் அன்று, 1553-இல் வெளிவந்த ஓர் இறையியல் நூலில். மூவொரு இறைவனைப் பற்றிய அவருடைய கருத்துகளுக்காக அதே ஆண்டு ஜெனீவாவில் கால்வின் காலத்து ஆட்சியாளர் அவரை உயிரோடு எரித்தனர். இதைச் சொல்லிச் சீர்திருத்த சபையாரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அதற்கு முன்பே பிரான்சில் வியென் நகரக் கத்தோலிக்க நீதிமன்றம் அவருக்கு அதே தண்டனையை விதித்திருந்தது. அவர் தப்பி ஓடியதால் உருவ பொம்மையை எரித்து அமைதியடைந்தது. ஆனால் அந்தத் தீயையே திருச்சபையின் முழு வரலாறாகச் சொல்வதும் நேர்மையன்று. சில ஆண்டுகளில், 1559-இல், உரோமையில் கற்பித்த ரியால்டோ கொலம்போ நுரையீரல் வழிப் போக்கைத் தெளிவாக எழுதினார். அந்திரேயா செசல்பினோ என்பவர் குருதியின் இயக்கத்துக்குச் 'சுற்றோட்டம்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். அவர் திருத்தந்தை எட்டாம் கிளமெந்தின் மருத்துவர்.

எல்லாம் ஒன்றுசேர்ந்த இடம் பதுவை. பதுவைப் பதியராம் புனித அந்தோனியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இல்லை. அதே பதுவையின் பல்கலைக்கழகத்தில், அறுத்துக் காட்டிக் கற்பிப்பதற்கென்றே நீள்வட்டமான அரங்கம் ஒன்று இருந்தது. இன்றும் அதைக் காணலாம். அங்கு கற்பித்த ஃபப்ரீசியஸ், கை கால்களின் குருதிக் குழாய்களுக்குள் சிறு கதவுகள்போல் சவ்வுகள் இருப்பதைக் காட்டினார். 1603-இல் அது நூலாயிற்று. அவை எதற்காக என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை; குருதி ஓரிடத்தில் அளவுமீறித் தேங்காமல் தடுப்பவை என்று எண்ணினார். 1602-இல் பதுவையில் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவருடைய ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்விக்குப் புலப்பட்டது. கதவுகள் எல்லாம் இதயத்தின் பக்கமே திறந்தன. அப்படியானால் அந்தக் குழாய்களில் குருதி இதயத்தை நோக்கியே ஓட முடியும்.

ஹார்வியின் நூல் 1628-இல் பிராங்க்பர்ட்டில் வெளிவந்தது. மெலிந்த நூல்தான். அதன் வலிமை ஒரு கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியேற்றும் குருதியை எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும், அரை மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் இருப்பதால், வெளியேறும் மொத்த அளவு உடலில் உள்ள குருதி முழுவதையும் விஞ்சிவிடுகிறது. உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி எப்படி உண்டாகும்? போனது எல்லாம் எங்கே? திரும்பி வருகிறது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இன்றைய அளவில் சொன்னால், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு. ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். நம் உடலில் உள்ள குருதியே அவ்வளவுதான். நாளொன்றுக்கு 7,000 லிட்டருக்கு மேல்! தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற திண்டுக்கல் மக்களுக்கு இந்த அளவின் பொருள் விளங்கும். ஒரு லாரித் தண்ணீருக்கு நிகரான வேலையை வெறும் 5 லிட்டரைத் திரும்பத் திரும்பச் சுழற்றியே ஒரு கைப்பிடி அளவுள்ள உறுப்பு செய்துவிடுகிறது.

தம் கொள்கைக்கு ஹார்வி அழைத்த சாட்சிகளில் கசாப்புக்காரரும் உண்டு. இதயம் துடித்துக்கொண்டிருக்கையில் மாட்டின் கழுத்துக் குழாய்களை அறுத்தால் கால் மணி நேரத்துக்குள் உடலின் குருதி முழுவதும் வடிந்துவிடும் என்பதைக் கசாப்புக்காரர் நன்கறிவர் என்று அவர் எழுதினார். கழுத்தில் ஓரிடத்தைத்தான் அறுக்கிறோம். கால் குளம்பில் இருந்த குருதியும் அவ்வழியே வெளியேறுகிறதென்றால் எல்லாக் குழாய்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை அல்லவா? இதயம் நின்றுவிட்டாலோ குருதியை வெளியே தள்ளுவாரில்லை. அது அங்கங்கே தங்கிவிடும். பாய் "ரத்தம் சரியா வடியாத ஆடு" என்று சொன்னதன் பொருள் இதுதான். இலண்டன் மன்னரின் மருத்துவர் நூலில் வைத்த சான்றும், பேகம்பூர்ப் பெரியவர் விரல் நுனியால் காட்டிய சான்றும் ஒன்றே.

இன்னொரு சான்றை வாசகர் வீட்டிலேயே பார்க்கலாம். மெலிந்த கையுடைய ஒருவரின் மேற்கையைத் துண்டால் ஓரளவு இறுக்கிக் கட்டினால் முன்கையில் பச்சைக் குழாய்கள் புடைக்கும். அவற்றில் ஆங்காங்கே முடிச்சுகள்போல் தோன்றும் இடங்களில்தான் வால்வுகள் உள்ளன. ஒரு விரலால் குழாயின் ஓரிடத்தை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையின் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை நீவிவிட்டு, நீவிய விரலை எடுத்துவிடுக. அந்தப் பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலே நிற்கும் குருதி கீழே இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குருதி வந்து நிரப்பும். ஹார்வி தம் நூலில் படம்போட்டுக் காட்டிய சோதனை இது. பார்த்த உடனே கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

ஹார்வியால் காண முடியாத ஒன்று இருந்தது. வெளியே போகும் குழாய்களிலிருந்து திரும்பி வரும் குழாய்களுக்குக் குருதி எவ்விடத்தில், எவ்வாறு மாறுகிறது? வெறுங்கண்ணுக்கு அது எட்டவில்லை. அவர் 1657-இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், பொலோஞாவில் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, மயிரினும் மெல்லிய குழாய்கள் வலைபோல் பின்னி இருபுறத்தையும் இணைப்பதைக் கண்டார். வட்டம் முழுமை பெற்றது. மால்பிகியும் தம் இறுதிக் காலத்தில், 1691-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசெந்தின் மருத்துவராக உரோமைக்கு அழைக்கப்பட்டு, 1694-இல் அங்கேயே இறந்தார்.

அவர் கண்ட அந்த நுண்குழாய்களே உண்மையில் உடலின் வயல்வெளி. சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில்தான் நுழைய முடியும். சில வேளை உடலை வளைத்துக்கொண்டு நுழைகின்றன. இதயத்தைவிட்டுப் புறப்படும் பெருங்குழாயில் பாய்ந்து செல்லும் குருதி இங்கே விநாடிக்கு ஒரு மில்லி மீட்டர்கூட நகர்வதில்லை. ஆறு ஆயிரம் வாய்க்காலாகப் பிரிந்தால் நீரின் வேகம் தணிகிறதல்லவா, அதுபோல. தணிந்தால்தான் உயிர்க்காற்றையும் உணவையும் கொடுத்துக் கழிவை வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும். வெளியே கொண்டு செல்லும் குழாய்களின் சுவர் தடித்தது, நெகிழ்வது; ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, தானே சுருங்கி, இதயம் ஓய்ந்த கணத்திலும் குருதியை முன்தள்ளுகிறது. மணிக்கட்டில் நாடி பார்ப்பவர் தொட்டறிவது இந்த விரிதலைத்தான். திரும்பிவரும் குழாய்களின் சுவரோ மெல்லியது. காலில் இருந்து குருதி மேலேறுவதற்கு இதயத்தின் தள்ளுவிசை மட்டும் போதாது. நடக்கையில் கெண்டைக்கால் தசை பிழிந்து தள்ள, வால்வுகள் அதைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்கின்றன. நடக்காமல் நாள் முழுதும் ஒரே இடத்தில் நின்று உழைப்பவருக்கு இந்த உதவி குறைகிறது. வால்வுகள் தளர்ந்துபோனால் குழாய்கள் வீங்கி நெளிந்துவிடும். குழி ஓரம் நின்றே முதுமையடைந்த தொழிலாளர் சிலரின் கால்களில் அந்த நெளிவுகளை நாம் கண்டிருக்கிறோம். அதை அவர்கள் 'நரம்புச் சுருட்டு' என்பார்கள்.

இந்த 'நரம்பு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. யாழின் தந்தியைக் குறித்த பழஞ்சொல் அது. மருத்துவ நூலில் மூளையின் செய்தியைக் கொண்டு செல்வது நரம்பு. மக்கள் வழக்கிலோ குருதிக் குழாயும் நரம்பே. பாயும் அப்படித்தான் சொன்னார். மருத்துவமனையில் போடுவது 'நரம்பு ஊசி'. நம் பாடநூல்கள் வெளியே செல்லும் குழாயைத் தமனி என்றும், திரும்பிவருவதைச் சிரை என்றும், நுண்குழாயைத் தந்துகி என்றும் வடசொற்களால் வழங்குகின்றன. தமனி என்பது ஊதுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது என்பர். கிரேக்கரும் இக்குழாய்களில் காற்றுதான் ஓடுகிறது என்று எண்ணியே பெயர் வைத்தனர். இறந்தவர் உடலில் அவை பெரும்பாலும் வெறுமையாக இருந்தது காரணம். ஈழத் தமிழ்ப் பாடநூல்களில் இவையே நாடி, நாளம், மயிர்த்துளைக் குழாய் எனப்படுகின்றன. நமக்கு அவை இனிமையாகவே படுகின்றன. அங்கே இத்துறையில் முன்னோடி 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வெளிவந்தது. நம் குருக்கள் தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் காவியமும் தந்தார்கள். உடலைப் பற்றிய அறிவைத் தமிழில் தருவதில் சீர்திருத்த சபையார் முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபப்ரீசியஸ் கண்ட வால்வுக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்த ஒரு பயனையும் சொல்லலாம். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், இதயத் தமனி அடைபட்டவருக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை இந்தியாவில் முதன்முறையாகச் செய்தார். இவ்வகை அறுவையில் பெரும்பாலும் நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து இதயத்தில் பொருத்துவர். பொருத்தும்போது தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். இல்லையென்றால் அதனுள் இருக்கும் வால்வுகள் குருதியைத் தடுத்துவிடும்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். குருதி சுற்றுகிறது என்று நிறுவிய பிறகும் ஹார்வி இதயத்தை அரியணையிலிருந்து இறக்கவில்லை. மன்னர் முதலாம் சார்லசுக்கு எழுதிய காணிக்கையுரையில் அதை அரசனோடு ஒப்பிட்டார். இதயம் உயிர்வெப்பத்தின் ஊற்று, ஆன்மாவின் இருப்பிடம் என்றெல்லாம் அறிஞர் நம்பிய காலம் அது. இறக்கிவிட்டவர் டென்மார்க் நாட்டு இளைஞர் ஒருவர். பெயர் நீல்ஸ் ஸ்டீன்சன், இலத்தீனில் ஸ்டெனோ. 1638-இல் கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டு இதயத்தை வேகவைத்து இழை இழையாகப் பிரித்துப் பார்த்தார் எனச் சொல்வர். தசைக்கு உரிய எதுவும் அதில் குறையவில்லை, தசைக்கு உரியதைவிட அதிகமாகவும் எதுவும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. 1664-இல் அதை அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

இந்த மனிதர் இறைநம்பிக்கையைக் கைவிட்டிருப்பார் என்று ஒருவர் எண்ணக்கூடும். நடந்தது வேறு. 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவன்று நற்கருணைப் பவனியைக் கண்டார். இது வெறும் அப்பமென்றால் இம்மக்கள் மூடர். உண்மையில் கிறிஸ்துவின் உடலென்றால் நாம் ஏன் வணங்காமல் நிற்கிறோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1667-இல் கத்தோலிக்கரானார், 1675-இல் குருவானார், 1677-இல் ஆயரானார். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்குக் கொடுத்து, வடஜெர்மனியில் 1686-இல் வறுமையில் இறந்தார். 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார். 'இதயம் தசை' என்று உலகுக்குச் சொன்னவர் நம் பீடங்களுக்கு உரியவராகிவிட்டார்.

அவர் குருவான அதே 1675-இல்தான் பிரான்சின் பாரே-லெ-மோனியாலில் புனித மார்கரெட் மரியாவுக்கு இயேசு தம் இருதயத்தைக் காட்டி, அதற்கென ஒரு திருநாள் வேண்டுமென்றார். ஒரே ஆண்டில் இரண்டு இருதயங்கள். ஒன்றை மற்றொன்று பொய்யாக்கிவிடவில்லை.

ஆனால் உரோமை உடனே தலையசைக்கவில்லை. 1720-களில் யோசேப்பு தெ கலிஃபே என்னும் இயேசு சபைக் குரு, திரு இருதயத்துக்குத் திருநாள் வேண்டி விண்ணப்பித்தார். உணர்வுகள் தோன்றும் உறுப்பு இருதயமே என்பதையும் அவர் தம் வாதத்தில் சேர்த்துக்கொண்டார். விண்ணப்பங்களை ஆராய்ந்து தடைசொல்ல வேண்டிய பொறுப்பில் அப்போது இருந்தவர் புரோஸ்பெரோ லம்பர்த்தீனி. அவர் கேட்டது நம் மாணவி கேட்டதுதான். அன்பு இருதயத்தில் பிறக்கிறதா, மூளையிலா என்பது அறிஞரிடையே தீராத வழக்கு. தீராத மருத்துவ வழக்கின்மேல் திருச்சபை ஒரு திருநாளைக் கட்டலாமா? 1729-இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுப்புக்குக் காரணமான லம்பர்த்தீனி 1740-இல் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானார்.

1765-இல் திருத்தந்தை பதிமூன்றாம் கிளமெந்து திருநாளுக்கு இசைவளித்தபோது, மருத்துவ வாதம் அதில் இடம்பெறவில்லை. இருதயம் இறையன்பின் அடையாளம்; அந்த அடையாளத்தின் வழியே அன்பை வணங்குகிறோம் என்பதே அடிப்படையாயிற்று. 1856-இல் ஒன்பதாம் பத்திநாதர் அதை அகிலத் திருச்சபைக்கும் உரியதாக்கினார். 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும், 2024-இல் திருத்தந்தை பிரான்சிசும் திரு இருதயம் பற்றி எழுதிய சுற்றுமடல்களும் இந்த வழியிலேயே செல்கின்றன. அதற்காக அந்த அடையாளம் வெறும் ஓவியமும் அன்று. மனுவுருவான இறைமகனுக்கு நம்மைப் போலவே தசையாலான இதயம் இருந்தது. கெத்சமனியில் அது விரைந்து துடித்தது. கல்வாரியில் ஈட்டி திறந்த விலாவிலிருந்து வடிந்ததும் நாள்தோறும் சுற்றி வந்த அதே குருதிதான். 1729-இல் லம்பர்த்தீனி கடுமையாக நடந்துகொண்டார் என்று வருந்தும் பக்தி நூல்கள் உண்டு. அவர் நமக்கு நன்மையே செய்தார் என்பது நம் எண்ணம். அன்று கலிஃபேயின் வாதம் அப்படியே ஏற்கப்பட்டிருந்தால், பதினோராம் வகுப்புப் பாடநூலைக் கண்டு நாம் அஞ்ச வேண்டி வந்திருக்கும்.

இவற்றை அந்த மாணவியிடம் இரண்டு ஞாயிறுகளில் சொல்லி முடித்தோம். ஸ்டெனோவின் படம் கிடைக்குமா என்று கேட்டாள். பாயிடமும் இப்னு அல்-நஃபீஸ் பற்றிச் சொன்னோம். "கெய்ரோவா? எந்தக் காலத்துல?" என்றார். 1242 என்றோம். கையில் இருந்த தோலை மடித்து வைத்துவிட்டு, "எழுதிக் குடுங்க சார், பேரனுக்குக் காட்டணும்" என்றார்.

அடுத்த வாரம் மாணவி திருப்பலி முடிந்து வந்தாள். கையைக் கட்டிப் பார்க்கும் சோதனையைத் தன் தாத்தாவின் கையில் செய்தாளாம். தோல் ஷாப்பில் உழைத்து மெலிந்த கை. குழாய்கள் நன்றாகப் புடைத்துத் தெரிந்தனவாம். மூன்று முடிச்சுகளை எண்ணியிருக்கிறாள். நீவிவிட்ட இடம் வெறுமையாக நிற்பதைத் தாத்தாவே குனிந்து பார்த்து, "இன்னொரு தடவை செய்" என்றாராம்.